காரியாபட்டி ரோட்டில் மட்டும் கேட்கும் சத்தம்

அந்தச் சத்தத்தை எழுத்தில் பிடிப்பது கஷ்டம். முதலில் ஒரு முனகல். காய்ச்சல்காரர் புரண்டு படுக்கும்போது வருமே, அப்படி. வேகம் ஏற ஏற அது ஊளையாகும். திருப்பத்தில் ஊளை நின்று, அடியில் எங்கோ இரும்பு பல்லைக் கடிக்கும். வண்டி நிற்கிற நேரம் 'டொக்' என்று ஒன்று. சொல்ல வந்ததைச் சொல்லாமலே யாரோ கதவைச் சாத்திக்கொண்ட மாதிரி. ஐம்பத்தெட்டாம் வருஷம் ஆமத்தூரில் இருந்தவர்கள் காதில் அது இன்றைக்கும் இருக்கும். சோலைச்சாமியின் ஜீப் வருகிறது என்று அதற்கு அர்த்தம். கட்டுத்தறியில் மாடுகள் கயிற்றை இழுக்கும். தூளியில் கிடக்கிற பிள்ளைகள் வீரிடும். அவர் மனைவி பொன்னுத்தங்கம் எழுந்து போய்க் குழம்பைச் சுடவைப்பாள். சத்தம் அவருக்கு அரை மைல் முந்தியே வந்துவிடுமாகையால், ஊரில் தினமும் சுடச்சுடச் சாப்பிட்ட ஒரே ஆண்பிள்ளை சோலைச்சாமிதான். அவர் வாழ்க்கையில் அந்தச் சத்தத்தால் விளைந்த நன்மை அது ஒன்றே.

சண்டைக்கு ஓடி, ஓய்ந்து, ஏலத்துக்கு வந்த பட்டாளத்து ஜீப் அது. ஸ்டியரிங் இடது பக்கம். கதவு கிடையாது. ஆனால் நாலு சக்கரமும் இழுக்கும். கரிசல்காட்டில் மழை விழுந்தால் மாட்டுவண்டி அச்சுவரை இறங்கிவிடும். லாரி அந்தப் பக்கம் திரும்பியே பார்க்காது. இந்த ஜீப் மட்டும் எருமை மாதிரி நிதானமாகச் சேற்றில் நடந்து கரையேறும். அதை ஒரு நாள் கண்ணால் பார்த்தார் சோலைச்சாமி. வீட்டில் நின்ற மயிலைக்காளை ஜோடியை மறுவாரமே விற்றார். ஜீப் வந்தது.

அந்தக் காளைகள் பொன்னுத்தங்கத்தோடு அவள் தகப்பனார் சங்கையா அனுப்பிவைத்தவை. காரியாபட்டிப் பக்கத்தில் யார் மாடு வாங்கினாலும் சங்கையாவைக் கூட்டிக்கொண்டுதான் போவார்கள். மாடு நடக்கிற சத்தத்தைத் திரும்பி உட்கார்ந்து கேட்டே எந்தக் காலில் லாடம் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். அப்பேர்ப்பட்டவர் வாசலில் போய் மருமகன் ஜீப்பை நிறுத்தினார். பெருமைதான். வேறென்ன? சங்கையா வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். சொந்தபந்தம் அத்தனையும் கூடி நின்றது.

"இது சாணி போடுமா மாப்பிள்ளை?" என்றார்.

சிரிப்பு அடங்க வெகுநேரமாயிற்று. சோலைச்சாமிக்கு இடது காது கொஞ்சம் மந்தம். சின்ன வயதில் கோயில் கொடையில் வெடி போட்டதில் வந்த வினை. ஆனால் அன்றைக்கு மந்தமான காதிலும் அந்தச் சிரிப்பு முழுசாக விழுந்தது. அங்கேயே, எல்லார் முன்னாலும் சொன்னார்:

"இனிமே நானும் உங்க படி மிதிக்க மாட்டேன், உங்க மகளும் மிதிக்க மாட்டா. இந்த வண்டி ஆள் ஓட்டாம தானா வந்து உங்க படியில நிக்கட்டும். அன்னைக்கு வாறோம்."

கெட்டிக்காரத்தனமாகச் சொல்லிவிட்டதாக அவருக்கு நினைப்பு. திரும்பி வரும்போது பொன்னுத்தங்கம் ஒரு காரியம் செய்தாள். மடியில் இருந்த மஞ்சள் பையை எடுத்து, தன் முழங்காலுக்குப் பக்கத்தில் தரையிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த குட்டைக் கம்பி ஒன்றில் மாட்டினாள். அன்று முதல் அந்தப் பை அங்கேயே தொங்கியது.

அந்தக் கம்பியைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். கியர்க் கம்பிக்குப் பக்கத்தில் நிற்பது அது. அதைப் போட்டால் முன்சக்கரங்களுக்கும் இழுவை போகும். எடுத்துவிட்டால் பின்சக்கரம் மட்டும் தள்ளும், முன்சக்கரம் சும்மா உருளும். ஓட்டக் கற்றுக்கொடுத்த சங்கிலிமுத்து, பர்மா வரை வண்டி ஓட்டிவிட்டு வந்தவர், படித்துப் படித்துச் சொன்னார்: சேற்றில் மட்டும் போடு, கெட்டித் தரைக்கு வந்ததும் எடுத்துவிடு. சோலைச்சாமி தலையை ஆட்டினார். சங்கிலிமுத்து மதுரைக்கு வேலைக்குப் போனதும் கம்பியைப் போட்டார். அப்புறம் எடுக்கவே இல்லை. நாலு மாட்டுக்குத் தீனி வைத்துவிட்டு, ரெண்டு மாட்டைச் சும்மா கூட நடக்க விடுவானா வெள்ளாமை செய்கிற ஒரு சம்சாரி? சர்க்கார் வண்டி ஓட்டியவர்கள் சோம்பேறிகள், அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள் என்று தீர்மானித்துக்கொண்டார். பிறகு அதை மறந்தும் போனார். மறக்க வசதியாக மேலே மஞ்சள் பை தொங்கியது.

வைகாசியில் ஒரு யோகம் அடித்தது. சிவகாசிக்கு வெளியே கரிசலுக்குள் இருந்த ஒரு பட்டாசுக் கம்பெனிக்கு, தீபாவளி சீசன் முழுக்க மழையிலும் சேற்றிலும் போய்வர ஒரு வண்டி வேண்டியிருந்தது. ஜீப்புக்கென்றே செய்துவைத்த வேலை. சோலைச்சாமி வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு போனார். கம்பெனி கேட்டுக்கு நூறு கெஜம் இருக்கும்போதே வாட்ச்மேன் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு ஓடிவந்தான். உள்ளே மருந்து இடிக்கிற பெண்கள் கொலுசைக்கூடக் கழற்றி வைத்துவிட்டுத்தான் போவார்கள். அங்கே போய் இரும்பு பல்லைக் கடித்துக்கொண்டு நின்றால்?

மேனேஜர் வெளியே வந்து, எட்ட நின்றே பேசினார். வண்டி அவருக்குப் பிடித்திருந்தது. ஆனால் இரும்போடு இரும்பு உரசுகிற எதையும் கேட்டுக்குள் விடமுடியாது. ஆவணி முதல் தேதிக்குள் சத்தம் நிற்க வேண்டும். நின்றால் இந்த சீசன் லோடு முழுக்கச் சோலைச்சாமிக்கு. நிற்காவிட்டால் வேறு ஆள்.

விருதுநகரில் ஒரு ஒர்க்ஷாப்காரர் வண்டியை ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்தார். கியர்பாக்ஸைக் கீழே இறக்க வேண்டும், நாலு மாசம் ஆகும் என்றார். அவசரமென்றால், பல்சக்கரத்துக்குள் நாலு வாழைப்பழத்தைப் போட்டு மூடிவிடலாம், விற்கிறவரைக்கும் சத்தம் வராது என்றார். சோலைச்சாமி விற்கப் போகவில்லை. ஆகவே அந்த மகத்தான முடிவை எடுத்தார். சத்தம் எங்கே பிறக்கிறது என்பதைத் தானே கண்டுபிடித்துவிடுவது.

யோசித்துப் பார்த்ததில் அது ஒளிந்திருக்க நாலு இடம்தான் உண்டு. சக்கரத்துப் பேரிங்கு. அடியில் நீளமாகச் சுழல்கிற தண்டின் மூட்டு. கியர்பாக்ஸ். முன் அச்சிலும் பின் அச்சிலும் பூசணிக்காய் மாதிரி உருண்டு நிற்கிற பல்சக்கரப் பெட்டி. ஒவ்வொன்றாக விலக்கினால் கள்ளன் அகப்பட்டுத்தானே ஆகவேண்டும்? கணக்கு சரி. காதுதான் சரியில்லை. அதற்கு மனைவியின் காதை எடுத்துக்கொண்டார்.

அதே வாரம் காரியாபட்டியிலிருந்து ஆள் வந்தது. சங்கையாவுக்கு வாதம் அடித்துவிட்டது. வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. பேச்சு குழறுகிறது. போய்ப் பார்த்துவிட்டு வரட்டுமா என்று பொன்னுத்தங்கம் கேட்டாள். சோலைச்சாமி துணியை எடுத்து ஜீப்பின் முகப்பைத் துடைக்க ஆரம்பித்தார். அவருக்கும் மனசு கேட்கவில்லைதான். ஆனால் அத்தனை பேர் முன்னால் சொன்ன சொல். அவள் இரண்டாம் முறை கேட்கவில்லை. அதில் அவர் சுதாரித்திருக்க வேண்டும். திரி பற்றிக்கொண்டு போய் வெடிக்காமல் இருக்கிற வெடியைக் குனிந்து பார்க்கக் கூடாதென்று சிவகாசிப் பக்கத்துச் சின்னப் பிள்ளைக்குத் தெரியும். அவர் நிம்மதியாக மூச்சு விட்டார்.

மறுநாள் சோதனை ஓட்டம். காட்டுப் பாதையில் போனால் சத்தம் வரவில்லை. சிவகாசி ரோட்டில் வந்தது. ஆனால் பொன்னுத்தங்கம் தலையை ஆட்டினாள்.

"இங்கன லாரிச் சத்தம், வண்டிச் சத்தம். பிரிச்சுக் கேக்க முடியலையே."

"பின்ன எங்கன கேக்கும்?"

"காரியாபட்டி ரோடு இப்ப புதுசாத் தார் போட்டுக் கெடக்கு. ஆள் நடமாட்டம் கிடையாது. அங்கன போனா நல்லாக் கேக்கும்."

அவர் சந்தேகமாகப் பார்த்தார். அவள் முகத்தில் ஒன்றுமில்லை. படி மிதிக்க மாட்டேன் என்றுதான் சொல்லியிருக்கிறார், ரோட்டை மிதிக்க மாட்டேன் என்று சொல்லவில்லையே.

அப்படியாக ஆனி, ஆடி இரண்டு மாசமும் ஞாயிற்றுக்கிழமைதோறும் காரியாபட்டி ரோட்டில் அந்த ஊளை போய்வந்தது. பொன்னுத்தங்கம் வலது பக்கத்தில் உட்கார்ந்து கண்ணை மூடிக் கேட்பாள். இது ஆட்டுக்கல் குழவி குழியில் இடிக்கிற சத்தம் என்பாள். மேடு ஏறும்போது மட்டும் வருகிறது, இறக்கத்தில் சுருதி மாறுகிறது என்பாள். அவருக்குப் பெருமையாக இருக்கும். சத்தத்தை இத்தனை அழகாகச் சொல்லத் தெரிந்தவள், அது எங்கிருந்து வருகிறது என்று மட்டும் ஒருநாளும் சொன்னதில்லை. அது அவர் மண்டையில் உறைக்கவில்லை.

காரியாபட்டி போய்ச் சேரும்போது ரேடியேட்டர் கொதிக்கும். உப்புத் தண்ணீர் ஊற்றினால் ரேடியேட்டர் அடைத்துப் போகும் என்பது சங்கிலிமுத்து சொன்னதில் சோலைச்சாமி மதித்த ஒரே விஷயம். அந்தப் பக்கத்தில் உப்பில்லாத கிணறு ஒன்றே ஒன்று. அது சங்கையா வீட்டுப் புறவாசலில் இருந்தது. படி முன்வாசலில் இருந்தது. சண்டை படியோடுதானே, கிணற்றோடு என்ன? பொன்னுத்தங்கம் குடத்தை எடுத்துக்கொண்டு இறங்குவாள். அவர் தெருமுனையில் ஜீப்பை நிறுத்தி, சாக்கை விரித்து, கீழே புகுந்து படுத்துக்கொள்வார்.

வண்டிக்கு அடியில் படுத்தவருக்கு உலகத்தில் பாதம் மட்டும்தான் தெரியும். மெட்டி போட்ட இரண்டு பாதங்கள் வேகவேகமாகப் போகும். ஒரு குடம் தண்ணீருக்கு ஒன்றேகால் மணி நேரம் ஆகும். திரும்பிவரும்போது மெதுவாக வரும். ஒரு தடவை அந்தப் பாதங்கள் ஜீப்புக்குப் பக்கத்தில் வந்து வெகுநேரம் சும்மா நின்றன. என்ன என்று கேட்டார். ஒன்றுமில்லை, குடம் கனக்கிறது என்றாள். குடத்தை இறக்கி வைத்துவிட்டு நின்ற பாதங்கள்தான் அவை. குடம் பக்கத்தில் இருந்ததும் அவர் கண்ணுக்குத் தெரிந்தது. அன்றைக்கு அவர் மேற்கொண்டு எதையும் கழற்றவில்லை. ஒரு நட்டைப் பிடித்துக்கொண்டு அப்படியே கிடந்தார்.

பேரிங்கு நாலையும் மாற்றினார். மூட்டுக்கெல்லாம் கிரீஸ் அடைத்தார். முன்சக்கரத்துக்கு இரண்டு புது டயர் போட்டார். சத்தம் கூடியது. ஆடி தேய்ந்துகொண்டே வந்தது. ஊருக்குள் பிள்ளைகள் அவரைப் பார்த்து ஊளையிடப் பழகியிருந்தன. ராத்திரி கனவில் பூசணிக்காய்கள் சுற்றின. மேனேஜர் வேறு வண்டி பார்ப்பதாகக் காற்றுவாக்கில் சேதி வந்தது. ஆவணிக்கு ஒன்பது நாள் இருந்தபோது, சாப்பாட்டில் கையை வைத்துக்கொண்டு, மாட்டையே வைத்திருக்கலாமோ என்று மனைவியிடம் கேட்டார். கல்யாணமாகி ஆறு வருஷத்தில் அவர் அப்படி ஒரு குரலில் பேசி அவள் கேட்டதில்லை. அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"ஒண்ணு மட்டும் பாக்கி இருக்குல்ல?" என்றாள். "பின்சக்கரம் ரெண்டையும் ஜாக்கியில தூக்கி வச்சு, வண்டிய நின்ன எடத்துலயே ஓடவிட்டுக் கேட்டா என்ன? ரோட்டுச் சத்தம் இருக்காது. உலக்கையோட ஒரு முனைய அடியில வச்சு, மறு முனைய காதுல வச்சுக்கோங்க. எங்கன இருக்குன்னு பட்டுன்னு தெரிஞ்சிரும்."

அவர் அவளையே பார்த்தார். எத்தனை ஞாயிற்றுக்கிழமை வீணாகிவிட்டது! இங்கேயே செய்துவிடலாம் என்றார். வண்டி சூடேறினால்தான் சத்தம் வரும், காரியாபட்டிவரை ஓட்டிக்கொண்டுபோய் உடனே தூக்கிவிடலாம் என்றாள். அதுவும் நியாயமாகத்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை தெருமுனையில் வண்டி நின்றது. வெயில் கண்ணில் அடிக்கிறது, முகத்தைத் தெருப்பக்கமாகத் திருப்பி நிறுத்துங்கள் என்றாள். திருப்பினார். முப்பது கெஜத்தில் நேர் எதிரே சங்கையா வீட்டு முன்வாசல். படியை மறைத்துப் பருத்திச் சாக்கு நாலைந்து அடுக்கியிருந்தது. வேடிக்கை பார்க்க வந்தவர்களைப் பொன்னுத்தங்கத்தின் தம்பி முனியசாமி சுவரோரம் ஒதுக்கிக்கொண்டிருந்தான். பின்பக்கத்தை ஜாக்கி போட்டுத் தூக்கினார் சோலைச்சாமி. இரண்டு பின்சக்கரமும் அந்தரத்தில் நின்றன.

"பாத்துக்கோங்க அத்தான், ஓடிரப் போகுது" என்றான் முனியசாமி.

சோலைச்சாமி சிரித்தார். அந்த இரண்டு மாசத்தில் அவர் சிரித்தது அன்றுதான். "எப்பிடிரா ஓடும்? சக்கரம் தரையில படவே இல்லையே. இனி இத யார் நெனச்சாலும் நகராது" என்று கூட்டத்துக்கே கேட்கும்படி சொன்னார். பொன்னுத்தங்கம் திரும்பி நின்று, எல்லாரும் கேட்டுக்கொண்டார்களா என்று ஒரு பார்வை பார்த்தாள்.

ஏறி உட்கார்ந்தார். என்ஜினைக் கிளப்பிக் கியரைப் போட்டார். கையால் இழுத்துவைக்கிற ஆக்ஸிலேட்டரை ஒரு விரக்கடை இழுத்து வைத்தார். உலக்கையின் ஒரு முனையை கியர்பாக்ஸின் மேல் ஊன்றி, மறு முனையில் நல்ல காதைப் பதித்து, கண்ணை மூடிக்கொண்டு, கிளச்சிலிருந்து காலை எடுத்தார்.

பின்சக்கரம் அந்தரத்தில்தான் நின்றது. ஆனால் முன்சக்கரத்துக்கும் இழுவை போய்க்கொண்டிருந்தது. புது டயர் வேறு. ஜீப் ஒரு துள்ளல் துள்ளி ஜாக்கியை உதைத்துவிட்டுக் கிளம்பியது. சோலைச்சாமி கண்ணைத் திறந்தார். ஓடாது என்று நிச்சயமாகத் தெரிந்த வண்டி ஓடிக்கொண்டிருந்ததால், அதை நிறுத்த வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. இரண்டு கையாலும் உலக்கையைக் கட்டிக்கொண்டார். ஸ்டியரிங் தன்பாட்டுக்கு ஆடியது. தெருவின் இரண்டு பக்கமும் முகங்கள் போயின. அந்தப் பழைய ஊளை அன்றைக்கு வாசல் வாசலாக எதிரொலித்துக்கொண்டு போயிற்று. ஜீப் பருத்திச் சாக்குகளில் மெத்தென்று முட்டி, ஒரு தடவை விக்கி, 'டொக்' என்று நின்றது. முன்சக்கரம் ஒன்று முதல் படியில் ஏறியிருந்தது.

தூசி அடங்கியது. யாரும் சிரிக்கவில்லை. பொன்னுத்தங்கம் நடந்துவந்தாள்.

"நான் ஓட்டலையே" என்றார் சோலைச்சாமி, உலக்கையோடு.

"அதைத்தான் நானும் சொல்றேன். ஆள் ஓட்டாம தானா வந்து படியில நிக்குது. எறங்குங்க. எங்கய்யா முழிச்சிருக்காக."

உள்ளே கட்டிலில் கிடந்தது ஒரு கை. ஒரு காலத்தில் மாட்டின் திமிலைப் பிடித்து அமுக்குகிற கை. அதன் ஜோடி செத்துக்கிடந்தது. இடது கையை நீட்டி மருமகனின் மணிக்கட்டைப் பிடித்தார் சங்கையா. கோணிப்போன வாய் இன்னும் கோணியது. தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்து சோலைச்சாமியும் அழுதார். மாமியார் கஞ்சி கொண்டுவந்தாள், மருமகன் குடித்தார். சண்டை ஓய்ந்து கை நனைத்தவர், படுக்கையில் இருக்கிறவரை விட்டுவிட்டு எழுந்துபோகக் கூடாது என்பது அந்தப் பக்கத்து வழக்கம். கூடாது என்று யாரும் சொல்லவில்லை. அந்தக் கை மணிக்கட்டை விடவில்லை, அவ்வளவுதான். விரல் விட்டு எண்ணினார். ஆவணி முதல் தேதிக்கு ஐந்து நாள். பிறகு மூன்று. பிறகு ஒன்று. அவர் எழுந்திருக்கவில்லை. பெரியவருக்குக் கஞ்சியைக் கரண்டியில் எடுத்து, நல்ல பக்கத்து வாய்வழியாக ஊட்டினார். ஆவணி ஒன்று வந்தது, போயிற்று.

ஒன்பதாம் நாள் விடியலில் கை தானாக விட்டது.

காரியமெல்லாம் முடிந்து இருவரும் ஊருக்குக் கிளம்பினார்கள். ஊர் எல்லை தாண்டியதும் ஊளை ஆரம்பித்தது. பொன்னுத்தங்கம் நிறுத்தச் சொன்னாள். வண்டியை ஓர் ஆள் நீளம் பின்னால் எடுக்கச் சொன்னாள். ஏன் என்று கேட்க அவருக்குத் தெம்பில்லை, எடுத்தார். அவள் மஞ்சள் பையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். கீழே, வண்டி பின்னால் வந்ததில் இறுக்கம் விட்டிருந்த குட்டைக் கம்பியைப் பிடித்து ஒரே அசைப்பில் எடுத்துவிட்டாள்.

"இப்ப போங்க."

போனார். சத்தம் இல்லை. காற்று கேட்டது. எங்கோ ஒரு செம்போத்து கத்தியது. ஒரு மைல் போனார்கள். இரண்டு மைல் போனார்கள். தன் மூச்சே அவருக்குக் கேட்டது.

"எப்ப இருந்து தெரியும்?"

"ரெண்டாவது ஞாயித்துக்கெழமையிலருந்து."

"யாரு சொன்னா?"

"எங்கய்யாதான். நீங்க தெருமுனையில வண்டிய நிறுத்துறதுக்குள்ள கட்டில்ல படுத்துக்கிட்டே கேட்டுட்டாக. முன்னுக்கும் பின்னுக்கும் ஒத்துப்போகல, ரெண்டையும் ஒண்ணாப் பூட்டி இழுக்கவிட்டிருக்காரு மாப்பிள்ளை, ஒரு ஜோடிய அவுத்துவிடச் சொல்லுன்னாக. நீங்க புது டயர் போட்ட அன்னைக்கு, இப்ப ஒசர மாட்டையும் குட்ட மாட்டையும் ஒரே நுகத்துல பூட்டிட்டாரா, இன்னும் கத்துதேன்னாக. சேத்துல வழுக்கிச் சரிக்கட்டிக்கிரும், தார் ரோட்டுல ஒண்ண ஒண்ணு இழுத்துக்கிட்டுச் சாகும்னாக. ஒரு வார்த்தை சொல்ல அவுகளுக்குக் காமணி நேரம் ஆகும். அம்புட்டையும் சொன்னாக."

"பருத்திச் சாக்கு?"

"அவுகதான் அடுக்கச் சொன்னாக. வண்டி வந்து முட்டினா மாப்பிள்ளைக்கு அடிபடக் கூடாதுன்னு."

அவர் மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டார். அன்றைக்குக் கட்டிலில் குலுங்கிய தோள் நினைவுக்கு வந்தது. அது அழுகை இல்லை. கிழவர் சிரித்திருக்கிறார்.

மறுபடி கேட்டார்: "ஆனியிலேயே சொல்லியிருந்தா எனக்கு இந்த சீசன் போயிருக்காதுல்ல பிள்ளே?"

"சொல்லியிருந்தா சத்தம் நின்னிருக்கும். அதோட காரியாபட்டியும் நின்னிருக்கும்." அவள் பையின் காதை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். "சீசன் அடுத்த வருசமும் வரும். எங்கய்யா வரமாட்டாக."

ஜீப் சத்தமே இல்லாமல் ஆமத்தூருக்குள் நுழைந்தது. அன்று முதல் அவருக்கு ஆறின குழம்புதான்.

கம்பெனி அந்த வருஷம் வேறு வண்டி வைத்துக்கொண்டது. அடுத்த வருஷம் சோலைச்சாமிக்கு லோடு கிடைத்தது. கேட்டுக்குள் போகும்போது கம்பியை எடுக்கவும் சேற்றில் போடவும் பொன்னுத்தங்கம் கூடவே போனாள். சோலைச்சாமி அதன்பின் ஒன்பது வருஷம் இருந்தார். அவர் காலமான மறுமாசம் அவள் ஜீப்பை விற்று, மயிலைக்காளை ஒரு ஜோடி வாங்கினாள்.